தேநீர் குடியாமல் மட்டுவில் வரை

விட்டது இன்னதென்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது லெந்து என்ற தவக்காலத்தின் ஒழுங்கு என்றால், ஆவி பறக்கும் தேநீர்ப் பேணியை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறவளுக்கு என்ன பதில் சொல்வது? போன சனிக்கிழமை மட்டுவிலுக்குச் சைக்கிளில் போய் வந்தேன். போக ஏறக்குறைய பத்து மைல், வரப் பத்து மைல். வந்து ஒரு கிழமையாகியும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சாம்பற்புதன் ஆராதனையில் எங்கள் போதகர் இரண்டு காரியங்கள் சொன்னார். ஒன்று, உங்களுக்கு மிகவும் பிரியமான ஒன்றை இந்த நாற்பது நாளும் விடுங்கள், ஆனால் எதை விட்டீர்கள் என்று வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியவேண்டாம். வெளியில் சொன்னால் அது லெந்து அல்ல, விளம்பரம் என்றார். மற்றது, உங்களுக்கு நன்மை செய்த, நீங்கள் நன்றி சொல்லாமல் விட்ட ஒருவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எதை விடுவது என்பதே முதலில் பெரிய பாடாகிவிட்டது. இறைச்சியை விடலாம் என்றால், அது எப்போதோ எங்களை விட்டுவிட்டது. மின்சாரம் போய் நாலு வருடமாகிறது. சீனி, சவர்க்காரம், மா, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நானாக விடுவதற்கு என் கையில் மிஞ்சியிருந்தது தேநீர் ஒன்றுதான். நாளுக்கு ஐந்து தரம் குடிக்கிறவள் நான். விட்ட மூன்றாம் நாளே நெற்றிப்பொட்டில் உளி வைத்து அடிக்கிற மாதிரி ஒரு தலையிடி தொடங்கியது. அதைப் பரிசுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

யாரைப் பார்ப்பது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு தெல்லிப்பழையில் எங்கள் வீட்டை விட்டு ஓடியபோது என் மகள் சுகிர்தா பிறந்து மூன்று கிழமை. சாவகச்சேரிப் பக்கத்தில் பாடசாலைகள் எல்லாம் அகதிகளால் நிரம்பி வழிந்தன. தெருவோரம் குழந்தையோடு நின்ற எங்களைக் கண்டு, "வாருங்கோ, எங்கடை கொட்டில் இருக்கு" என்று மட்டுவிலுக்குக் கூட்டிப் போனவர் கந்தையா அண்ணை. பனை சீவுகிறவர். அவருடைய மனைவி பாக்கியமக்கா. அங்கே போய்ச் சேர்ந்த கிழமையே எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பால்மா எங்கும் இல்லை. பாக்கியமக்காவின் மகள் வதனிக்கு அப்போது ஐந்து மாதம். ஒரு பக்கம் வதனியையும் மறுபக்கம் என் பிள்ளையையும் போட்டு, நான் எழும்பி உட்காரும்வரை பால் கொடுத்தவர் அவர். இரண்டு மாதம் அவருடைய குசினியில், அடுப்படியில் குந்தியிருந்துதான் நான் சாப்பிட்டேன்.

என் மாமி சாப்பிடவில்லை. கணவரின் தாயாரான அவர் மாமரத்தடியில் மூன்று கல் வைத்துத் தனக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டார். வயிறு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னார். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மாமி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அது வேறு, இது வேறு என்று எங்கள் ஊரில் பிரித்து வைத்திருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கு அவர் என்ன செய்தார் என்று அப்போது நான் கவனிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தேன். கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து புறப்பட்டேன். கணவருக்கு அன்றைக்கு வீட்டில் ரியூஷன் வகுப்பு. ஆகையால் நானும், முன்னாலுள்ள பிரம்புக் கூடையில் மூன்றரை வயதுச் சுகிர்தாவும் மட்டும்தான். குடை ஒன்று, மாற்றுச் சட்டை இரண்டு, காய்ச்சல் மாத்திரை, கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல், வதனிக்கு என் பழைய சேலையில் தைத்த சட்டை, பாக்கியமக்காவுக்கு ஒரு வாசனைச் சவர்க்காரம். அந்தச் சவர்க்காரம் என் தம்பி கொழும்பிலிருந்து அனுப்பியது. ஆறு மாதமாக அலுமாரியில் சேலைகளுக்கு இடையில் மணத்துக்கொண்டு கிடந்தது.

மாமி தேநீரோடு படலை வரை வந்துவிட்டார்.

"இதைக் குடிச்சிட்டுப் போ பிள்ளை."

"வேண்டாம் மாமி."

"பத்து நாளாப் பாக்கிறன், தேத்தண்ணியைக் கண்டால் முகத்தைத் திருப்புறாய். சத்தி கித்தி வருதே?"

"இல்லை மாமி."

"நாள் தள்ளிப் போட்டுதோ? இந்த நேரத்திலை சைக்கிள் உழக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

வகுப்புக்கு வந்து வாங்குப் பலகையில் இருந்த நாலைந்து மாணவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. கணவர் எழும்பி வந்து என் பங்குத் தேநீரையும் வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனார். இந்தப் பத்து நாளும் அப்படித்தான் செய்கிறார். ஏன் குடிக்கவில்லை என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இரகசியம் காக்க வேண்டியவள் நான்தான், ஆனாலும் கேட்டிருக்கலாம்.

"அங்கை போறது சரி. போனமா, கண்டமா, வந்தமா எண்டு இரு" என்று மாமி பின்னால் சொன்னது கேட்டது. நான் திரும்பவில்லை.

ஆடியபாதம் வீதி வழியாகக் கல்வியங்காடு, அங்கிருந்து இருபாலை. காலைக் காற்றில் பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். இருபாலைச் சந்திக்குக் கிட்டப் போக, பின் சில்லு காற்றுப் போய் மெதுவாகப் படுத்துவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரர் ரியூப்பை வெளியில் இழுத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, இதிலை ரியூப்பைவிட ஒட்டுத்தான் கூட. இன்னும் மூண்டு போடவேணும். ஒண்டு பன்னிரண்டு ரூபா. உதிலை இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, முடிஞ்சிடும்."

நான் வாய் திறக்கமுன் பக்கத்துக் கொட்டிலுக்குக் குரல் கொடுத்துவிட்டார். என்னைப்போலவே சில்லுக் காற்றுப் போய் வந்து நின்ற இன்னொரு பெண்ணுக்கும் சேர்த்துத்தான். நெற்றி நிறையத் திருநீறு, ஈரத் தலைமுடி. அந்தப் பெண் கையை மட்டும் அசைத்து, "எனக்கு வேண்டாம். விரதம்" என்றார்.

"ஓ, விரதமோ? அப்ப வேண்டாம், வேண்டாம்" என்று கடைக்காரர் ஏதோ தவறு செய்துவிட்டவர்போலப் பின்வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் விரதமோ?" என்றார்.

ஒரே ஒரு சொல். "ஓம்" என்றிருந்தால் முடிந்திருக்கும். சைவச் சனம் எவ்வளவு சுலபமாக அதைச் சொல்லிவிட்டுப் போகிறது! கேட்கிறவர்களும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கோ போதகரின் குரல் காதில் நின்றது. விளம்பரம்.

"இல்லை" என்றேன்.

"அப்ப குடியுங்கோவன்."

தேநீர் வந்தது. ஒரு கடி பனங்கட்டியும் வந்தது. இரண்டையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, ஒட்டு மூன்றும் காயும்வரை மணந்துகொண்டு இருந்தேன். தலையிடி அந்த மணத்தோடு சேர்ந்து துள்ளியது. கடைசியில், காற்றடிக்க வந்து நின்ற ஒரு வயோதிபரிடம், "ஐயா, நீங்கள் குடிக்கிறியளே? நான் வாய் வைக்கேல்லை" என்று நீட்டினேன்.

"தேத்தண்ணி சரியில்லையோ தங்கச்சி?" என்றார் கடைக்காரர், முகம் சுருங்கி.

"நல்ல தேத்தண்ணி அண்ணை" என்றேன். குடிக்காதவள் கொடுத்த நற்சான்று. பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் தெரு கடல்நீரேரியைக் கடக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம் இல்லை. எதிர்க்காற்று. சாவகச்சேரிச் சந்தையில் இருந்து கத்தரிக்காய், தேங்காய் ஏற்றிய சைக்கிள்கள் காற்றின் வாக்கில் எதிரே பறந்து வந்தன. நான் மட்டும் எழும்பி நின்று உழக்கினேன். ஒன்பது மணியிருக்கும், பாலத்துக்குக் கிட்டப் போகையில் வானத்தில் இரைச்சல் கேட்டது. தெருவில் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினோம். பிள்ளையை அடியில் போட்டு மேலே குப்புறப் படுத்தேன். சேற்று மணம். குண்டு வீச்சு விமானம் எங்கள் தலைக்கு மேலால் கிழக்கே போய், சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது.

எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த தேங்காய்க்காரர் முதலில் எழும்பி மண்ணைத் தட்டினார். "எழும்பு தங்கச்சி. அவன் இண்டைக்கு எங்களுக்கு எண்டு வரேல்லை."

"அம்மா, என்ரை சட்டை ஊத்தையாப் போச்சு" என்று சுகிர்தா அழத் தொடங்கினாள். சட்டையை மாற்றினேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. வெயிலில் நின்று யோசித்தேன். நன்றி சொல்லப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இந்த வெட்டவெளிக்கு வந்தது பக்தியா, பைத்தியமா? திரும்பினால் அரைவாசித் தூரம், போனாலும் அரைவாசித் தூரம். போனேன்.

கைதடிச் சந்தியில் கண்டி வீதிக்கு ஏறி, நுணாவிலில் திரும்பி, மட்டுவிலில் அந்தப் பனங்கூடலைக் கண்டுபிடிக்கப் பத்தரை மணியாகிவிட்டது. வேலிப் படலையைத் திறக்கமுன்னே பதநீர் காய்கிற மணம் வந்தது. முற்றத்து அடுப்பில் பெரிய தாச்சி. துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்த பாக்கியமக்கா என்னைப் பார்க்கவே இல்லை, பிள்ளையைத்தான் கூடையில் இருந்து தூக்கினார்.

"என்ரை குஞ்சு! என்ரை ராசாத்தி! உவ்வளவு வளந்திட்டாளே! தெருவிலை கண்டால் நான் ஆரோவெண்டு போயிருப்பன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கென்ன விசரே பிள்ளை? பிளேன் சுத்துது, இந்த வெயிலுக்குள்ளாலை வாறாய். இரு, இரு, உதிலை இரு. முகத்தைப் பார், கத்தரிக்காய் வதங்கின மாதிரி."

எனக்கு அழுகை வந்தது. என்னை இப்படித் திட்டி எவ்வளவு காலம்!

சட்டையைக் கொடுத்தேன். வதனி அப்போதே போட்டுக்கொண்டு, சுகிர்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் ஓடினாள். சவர்க்காரத்தைக் கொடுத்தேன். பாக்கியமக்கா அதைக் கண்ணை மூடி முகர்ந்தார். "அடியாத்தை! இதைப் போட்டுக் குளிச்சால் இந்த மனிசனுக்கு என்னை அடையாளம் தெரியாது. வேறை ஆரோ வந்து நிக்கிறாள் எண்டு படலையைச் சாத்துவார்." பனையால் இறங்கி வந்துகொண்டிருந்த கந்தையா அண்ணை, "நான் ஏன் சாத்திறன், வா எண்டு கூப்பிடுவன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சுகிர்தா ஓடி வந்து, "தண்ணி" என்றாள். பாக்கியமக்கா கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் அள்ளி வந்தார். எங்கள் ஒழுங்கையில் போன மாதம் ஒரு பிள்ளை வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்துப் பிழைத்து வந்தது. அன்றிலிருந்து கொதிக்காத தண்ணீரை நான் என் பிள்ளையின் வாயில் வைப்பதில்லை. யார் வீடு என்று பார்ப்பதில்லை, என் தாய் வீட்டிலும் அப்படித்தான்.

"வேண்டாமக்கா, போத்தலிலை கிடக்கு" என்று சொல்லிப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

பாக்கியமக்கா செம்போடு ஒரு கணம் நின்றார். "ஓம், அதுதான் நல்லது" என்று சொல்லி, தண்ணீரை வாசல் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் தேநீர் வந்தது. சிவப்பாக, ஆவி பறக்க, பெரிய பேணியில். உள்ளங்கையில் அன்று காய்ச்சிய பனங்கட்டி ஒரு துண்டு. "தேயிலை டின் அடியிலை ஒரு பிடி கிடந்தது. ஆரும் நல்ல ஆக்கள் வந்தால் எண்டு வைச்சிருந்தனான். கடிச்சுக் கடிச்சுக் குடி."

கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. "வேண்டாமக்கா. இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றேன்.

"எங்கை?"

"இருபாலையிலை."

"இல்லை" என்றாள் என் மகள், போத்தலை வாயில் இருந்து எடுத்து. "அம்மா குடிக்கேல்லை. தாத்தா ஒராளுக்குக் குடுத்திட்டா."

சொல்லிவிட்டு வதனியிடம் ஓடிவிட்டாள். நான் அவசரமாக, வயிறு சரியில்லை என்றேன்.

"சரியில்லாத வயித்துக்கு வெறுந்தேத்தண்ணி நல்லது பிள்ளை."

"வேண்டாமக்கா. குறை நினைக்காதேங்கோ."

"நான் ஏன் குறை நினைக்கப் போறன்" என்று சொல்லிப் பேணியை உள்ளே கொண்டுபோனார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் புருஷனைக் கூப்பிட்டார். "இஞ்சை பாருங்கோ, ஒரு இளநி வெட்டிக் குடுங்கோ." பிறகு என்னிடம், "கொஞ்சம் இருங்கோ. இளநி குடிப்பியள்தானே?" என்றார்.

கந்தையா அண்ணை மனைவியின் முகத்தை ஒருதரம் பார்த்தார். செவ்விளநீர் ஒன்றைப் பிடுங்கி வந்து, கத்தியால் மூன்று வெட்டு வெட்டி, அப்படியே என் கையில் தந்தார். எனக்கு உயிர் வந்தது. தேநீரை விட்டேன், இளநீரை விடவில்லையே! விரதமும் பிழைத்தது, உபசாரமும் பிழைத்தது, கடவுள் நடுவில் ஒரு வழி திறந்துவிட்டார் என்று நினைத்தேன். மடமடவென்று குடித்தேன்.

"இன்னொண்டு வெட்டட்டே?"

"ஓம் அண்ணை" என்றேன். இரண்டாவதையும் குடித்தேன்.

பாக்கியமக்கா திரும்பவும் தாச்சிக்குப் பக்கத்தில் போய் இருந்து துடுப்புப் போடத் தொடங்கினார். வந்த காரியத்தைச் சொல்லவேண்டும் என்று நானும் அருகில் போய்க் குந்தினேன். "அக்கா, அண்டைக்கு என்ரை பிள்ளைக்கு நீங்கள் செய்ததுக்கு நான் வாய் திறந்து நன்றி எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. அதுதான் வந்தனான்."

அவர் பாகைத் துடுப்பில் எடுத்துப் பதம் பார்த்தார். "எனக்குப் பால் ஊறினது, பிள்ளை அழுதது. அதுக்கென்ன நன்றி." துடுப்பை மீண்டும் உள்ளே விட்டார். "அந்த நேரம் அப்பிடி இருந்தது. இப்ப நீங்கள் நல்லா இருக்கிறியள். அது காணும்."

அதற்குப் பிறகு பதநீர் பொங்குகிறது, ஆள் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடையில் இரண்டு தரம் எழும்பிக் குசினிப் பக்கம் போய் வந்தார். நான் வேலையைக் குழப்புகிறேனோ என்று எண்ணி ஒரு மணிக்கே புறப்பட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. புறப்படும்போது ஓலைக் குட்டான் ஒன்று நிறையப் பனங்கட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டினார்.

"ஏனக்கா இவ்வளவு?"

"சவர்க்காரம் தந்தனீங்கள். சும்மா வாங்கப்படாது." பிள்ளையைத் தூக்கிக் கூடையில் இருத்தி, அவளுடைய வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். "பெரிய நாச்சியாரையும் கேட்டதாச் சொல்லுங்கோ." நாச்சியார் என்று அந்தக் காலத்தில் மாமியைத்தான் சொல்வார். அதைக் கேட்க எனக்கு என்னவோ செய்தது. வெயிலாக இருக்கலாம், தலையிடியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பி வரக் காற்று பின்னால் தள்ளியது. விமானம் வரவில்லை. ஒட்டுகளும் பிடித்துக்கொண்டன. இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பயணம் என்று பார்த்தால் நல்ல பயணம்.

மாமி குட்டானை வாங்கி மணந்து பார்த்தார். "நல்ல சரக்கு. அதுசரி, அங்கை ஏதும் வாயிலை வைச்சனியே?"

"இளநீர் குடிச்சன். ரெண்டு."

மாமியின் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருடத்தில் என்னை அப்படிப் பார்த்து அவர் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. "அதுதானே! தொண்ணூறிலை அங்கை இருந்த காலம் முழுக்க எனக்கும் இளநிதான் வெட்டுவிச்சுத் தந்தவள். தன்ரை பேணியை ஒருநாளும் எனக்கு நீட்டேல்லை. மரியாதை தெரிஞ்ச மனிசி. நீயும் இப்பதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறாய்."

கையில் வைத்திருந்த குடையைச் சுவரில் சாத்தினேன். அது விழுந்தது. எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தெரிந்த வழக்கம் இது. தங்கள் பாத்திரத்தில் குடியாத உயர்சாதிக்காரருக்கு, பாக்கியமக்கா போன்றவர்களின் வீடுகளில் இளநீர்தான் வெட்டுவார்கள். காயில் இருந்து நேரே வாய்க்குப் போகும், நடுவில் அவர்களுடைய கை பட்ட பேணி இல்லை. யாருக்கும் சங்கடமும் இல்லை. தாகமும் தலையிடியும் என் பக்தியும் சேர்ந்து இந்த ஒன்றை எனக்கு மறைத்துவிட்டன. பாக்கியமக்காவின் கண்ணால் பார்த்தால் அன்றைக்கு நடந்தது இதுதான்: அகதியாக வந்தபோது குசினிக்குள் வந்து குந்தியிருந்து சாப்பிட்டவள், இப்போது பிள்ளைக்குத் தண்ணீரும் போத்தலில் கொண்டுவந்திருக்கிறாள். தேநீரைக் கையால் தொடவில்லை. இளநீர் என்றதும் இரண்டு குடித்தாள்.

"மாமி, உங்கடை பேத்தி அவவின்ரை பால் குடிச்சு வளந்தவள்" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"அது அந்தரம், உயிர் போற நேரம்" என்றார் மாமி, கொஞ்சமும் பதறாமல். "இப்ப என்ன அந்தரம்?"

அந்த நேரம் பார்த்து சுகிர்தா குட்டானில் இருந்து ஒரு பனங்கட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பம்மா, நான் தேத்தண்ணி குடிச்சனான்."

"எங்கை?"

"குசினிக்குப் பின்னாலை. வதனியின்ரை பேணியிலை. பெரியம்மா ஊதி ஊதித் தந்தவ." பிறகு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவுக்குச் சொல்லாதை குஞ்சு, ஏசுவா எண்டவ."

நான் வேண்டாமென்று சொல்ல, பாக்கியமக்கா உள்ளே கொண்டுபோன அந்தத் தேநீர்தான். கடைசிப் பிடித் தேயிலை. அதை எனக்குத் தெரியாமல், எனக்குப் பயந்து, தன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். வாயைத் துடைத்துவிட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

மாமி குட்டானை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "நாளைக்குக் கோயிலுக்குப் போக முந்திப் பிள்ளையை முழுகவாரு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். வகுப்பு முடிந்து வந்த என் கணவர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். "ஒரு தேத்தண்ணி கிடைக்குமே?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை போதகர் எங்கள் வீட்டுக்குச் சந்திப்புக்கு வந்தார். பெயர், ஊர் ஒன்றும் சொல்லாமல், விட்டதை மறைக்கப்போய் ஒருவரை நோகடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "சகோதரி, உங்கள் இருதயத்தைக் கர்த்தர் அறிவார்" என்றார். மாமி கொடுத்த தேநீரை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு ஜெபம் செய்து போனார். கர்த்தர் அறிவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாக்கியமக்கா அல்லவா அறியவேண்டும்!

அன்றிலிருந்து மனதுக்குள் பத்துத் தரம் மட்டுவிலுக்குப் போய் வந்துவிட்டேன். உடனே போய்க் காரணத்தைச் சொன்னால், "அதுக்கென்ன, நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்பார். அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றுக்கு நான் விளக்கம் கொடுத்தால், அவர் மறைத்து வைத்த நோவை முற்றத்தில் எடுத்துப் போட்டவளாவேன். காரணம் சொல்லாமல் போய்த் தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தால், என் நாற்பது நாள் உடையும். உடையட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. இவ்வளவு சுலபமாக உடைக்கக்கூடியதற்காகவா அவரை நோகடித்தாய் என்று மற்ற மனம் கேட்கிறது. ஈஸ்டர் வரை பொறுக்கலாம் என்றால், அந்த வீட்டில் தேயிலை இல்லை. இருந்த கடைசிப் பிடியையும் எனக்குத்தான் போட்டார்.

இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் நான் விட்டது எது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதைப் பற்றி இனிக் கவலை இல்லை. மாமியின் மூக்குக் கண்ணாடி உடைந்து, புதியது கொழும்பிலிருந்து கப்பலில் வரவேண்டியிருக்கிறது. அது வருமுன் இதை வெளியிட்டுவிடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

வாசகர்களைக் கேட்பது இதுதான். உங்களில் பாக்கியமக்காவின் இடத்தில் இருந்தவர்கள் இருப்பீர்கள், அவர்கள் முதலில் எழுதுங்கள். நான் இப்போதே போவதா, பண்டிகைக்குப் பிறகு போவதா? போனால் விரதம் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்வதா? அல்லது ஒன்றும் சொல்லாமல், கையில் ஒரு பிடி தேயிலையோடு குசினிக்குப் பின்னால் போய், வதனியின் பேணியை எடுத்து நீட்டுவதா? பின் சில்லுக்கு வேறு ரியூப் போட்டாயிற்று. உங்கள் பதிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.